மிதிக்காமல் விட்ட இடம்

அப்பா,

குதிகாலில் இன்னும் உப்பு எரிகிறது. மூன்று நாளாகிறது. புதுச்சேரி அறைக்கு வந்ததும் வெந்நீரில் காலை ஊறவைத்தேன். தேங்காய் எண்ணெய் தடவினேன். போகவில்லை.

இன்று காலை வகுப்பில் முன்வரிசைப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். "மேடம், என்ன டான்ஸா?" வகுப்பு சிரித்தது. அப்போதுதான் கவனித்தேன். பாடம் நடத்தியபடியே நான் மிதித்துக்கொண்டிருந்தேன். இடது, வலது. குதிகால் முதலில், விரல்கள் பிறகு. உன் தாளம்.

அதனால் இந்தக் கடிதம். பேப்பரில் விளம்பரத்தைக்கூட விடாமல் படிக்கிற ஆள் நீ. ஆனாலும் நமக்குள் கடிதப் பழக்கம் இருந்ததில்லை. நம் வீட்டுக்குக் கடிதம் வந்தால் யாராவது இறந்திருப்பார்கள்.

*

இந்த வருடம் மழை தாமதமாக விட்டது. தை பாதிக்குமேல்தான் தண்ணீர் வடிந்தது. நீ போய் மூன்று மாதம். உப்பளம் அதற்காகக் காத்திருக்காது என்று அம்மா சொன்னாள். ஆட்களை வரச்சொன்னாள். எனக்கும் போன் செய்தாள்.

தரை இறுகினால்தான் உப்பு வெள்ளையாக விளையும். தளர்ந்திருந்தால் சேறு கலந்து கறுத்துவிடும். எனவே ஈரம் காய்வதற்குள் எல்லோரும் ஒரே வரிசையில் நின்று, பக்கத்து ஆளின் தோளில் கை போட்டு, பாத்தியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மிதித்துக்கொண்டே போகவேண்டும். பிறகு திரும்பி வரவேண்டும். ஓர் ஆளுக்கு ஒரு வரி. மரக்காணத்தில் எல்லா உப்பளங்களிலும் இப்படித்தான்.

நம் முதல் பாத்தியில் மட்டும் ஒரு வித்தியாசம். எல்லோரும் இறங்கி நின்றதும் நீ வரப்பிலிருந்து குரல் கொடுப்பாய்.

"இடம் விடு."

வரிசை மூன்று இடத்தில் பிரியும். ஒவ்வொன்றும் ஓர் ஆள் அகலம். அந்த இடைவெளிகளின் இருபுறமும் நிற்பவர்கள் கையைக் கீழே போடமாட்டார்கள். இல்லாத தோளின் உயரத்தில் கைகள் அந்தரத்தில் நிற்கும். அப்படியே மிதித்துக்கொண்டு போவார்கள்.

புதிதாக வேலைக்கு வந்த ஒருவர் ஒருமுறை கேட்டார். "ஏம்பா, யாரு வர்றாங்க? எம்.எல்.ஏ.வா?"

"வருவாங்க," என்றார் மேஸ்திரி. "நீ காலைப் பாத்து மிதி."

மறுநாள் பார்த்தால் மிதிக்காத மூன்று வரிகளும் மற்றவை போலவே இறுகியிருக்கும். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள்.

*

மூன்று பேர். உன் தாத்தா, உன் அப்பா, உன் அண்ணன். பர்மா, வங்காளம், இலங்கை. ஒவ்வொரு தலைமுறைக்கும் ஓர் ஊர். ஒருவர் உடலும் வரவில்லை. மெடல்கள் வந்தன.

பிஸ்கட் டப்பாவில், பழைய வேட்டித் துண்டில் சுற்றி வைத்திருப்பாய். இரண்டு வட்டமானவை. விளிம்பில் எண்ணும் பெயரும் பொறித்தவை. மூன்றாவது ஆறு முனையுள்ள செம்பு நிற நட்சத்திரம். உன் தாத்தாவுடையது. அதில் பெயர் இல்லை. அது யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும் என்று சின்ன வயதில் எனக்குத் தோன்றியதுண்டு. யாரிடமும் சொன்னதில்லை.

வீரத்துக்குக் கொடுத்தவை என்று பள்ளியில் பெருமையடித்திருக்கிறேன். நீதான் திருத்தினாய். "போனவங்களுக்கெல்லாம் குடுத்தது. வீரத்துக்கு இல்ல. போனதுக்கு."

அந்த நட்சத்திரம் வந்த கதையை நீ இரண்டே முறை சொல்லியிருக்கிறாய். உன் தாத்தா போய் எத்தனையோ வருடம். இறந்த செய்தி வழியில் எங்கோ தொலைந்துவிட்டது. மெடல் மட்டும் ஒரு தை மாதத்தில் தபாலில் வந்தது. கூட இருந்த ஆங்கிலத் தாளைப் படிக்க உப்பளத்தில் ஆளில்லை. சர்க்கார் மரியாதை என்று தபால்காரர் சொல்லிவிட்டுப் போனார். மரியாதை செய்தால் வேலையிலிருந்து விடுவித்துவிட்டார்கள் என்று அர்த்தம். விடுவித்துவிட்டால் ஆள் ஊருக்குக் கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். அது மிதிப்பு வாரம். அவர் வழக்கமாக நிற்கும் இடத்தை விட்டுவிட்டு மிதித்தார்கள். வந்ததும் அவரே மிதிக்கட்டும் என்று.

ஆக அது அஞ்சலி அல்ல. வரப்போகிறவருக்குப் பிடித்துவைத்த இடம்.

அந்தத் தாளைத் திண்டிவனத்தில் யாரோ படித்துச் சொன்னபோது அந்தப் பாத்தியில் உப்பு வாரி முடித்திருந்தார்கள். அவர் வரி முழுக்க வெள்ளை உப்பு. சேறு கலக்கவே இல்லை. அதனால்தான் அடுத்த வருடமும் இடம் விட்டார்கள். விடாமலிருக்கப் பயந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பிறகு உன் அப்பா ராணுவத்துக்குப் போனபோது நட்சத்திரத்தைச் சட்டைப் பையில் எடுத்துப் போனார். அது டிரங்குப் பெட்டியில் திரும்பி வந்தது. சில மாதம் கழித்து அவர் மெடல் வந்தது. பெரியப்பா போனபோதும் அதை எடுத்துப் போனார். அது டிரங்குப் பெட்டியில் திரும்பி வந்தது. சில மாதம் கழித்து அவர் மெடல் வந்தது.

*

எனக்குப் பதினான்கு வயது. மிதிப்பு நாள். அம்மா உனக்கு மோர்த் தூக்கைக் கொடுக்க மறந்துவிட்டாள். நான் எடுத்துக்கொண்டு வந்தேன்.

உச்சி வேளை. உப்பளத்தின் உச்சி வேளை ஊருக்குள் இருப்பதைப் போன்றது அல்ல. நிழல் காலுக்குள் போய்விடும். வானம் எது, பாத்தித் தண்ணீர் எது என்று தெரியாது. அனுமந்தைப் பக்கமிருந்து வரும் அலைச் சத்தம்கூட அப்போது நின்றுவிடும். ஆட்கள் எல்லோரும் கால்வாய் ஓரக் கொட்டகையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நீ முதல் பாத்தியில் தனியாக இருந்தாய். விட்ட வரியில் இறங்கி மிதித்துக்கொண்டிருந்தாய்.

எனக்கு முதலில் வந்தது ஏமாற்றம். இவ்வளவுதானா என்று. பிறகு உன் கைகளைப் பார்த்தேன். இரண்டும் தூக்கியிருந்தன. இரு பக்கமும் தோள்கள் இருப்பதுபோல. வலது கை இடதைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருந்தது. வலப்பக்கம் நிற்பவர் உயரமானவர் போல.

என்னைப் பார்த்ததும் நின்றாய். "சாப்ட்டியா?"

"ம்."

"பாத்தது பாத்த. யார்கிட்டயும் சொல்லாத. சொன்னா அடுத்த வருஷம் இடம் விடமாட்டாங்க."

சொல்லவில்லை. அன்றிலிருந்து எனக்கு அந்த மூன்று வரிகளைப் பற்றிப் பயம் இல்லை. அப்பாதான் மிதிக்கிறார். பல்கலைக்கழகத்தில் ஊர் நம்பிக்கைகளைப் பற்றி ஒரு கட்டுரைகூட எழுதினேன். நல்ல மதிப்பெண். விடை தெரிந்தவளின் கட்டுரை.

*

ஐப்பசி மழை. ஆஸ்பத்திரியில் உன் படுக்கை ஜன்னல் ஓரம். அம்மா மாத்திரை வாங்கப் போயிருந்தாள். நீ ஜன்னலையே பார்த்துக்கொண்டு பேசினாய்.

"நான் ரெண்டு வரிதாம்மா மிதிச்சேன்."

எனக்குப் புரியவில்லை.

"தாத்தாவுது, அப்பாவுது. ரெண்டுதான். அண்ணனுதுல நான் காலை வெச்சதே இல்ல. ஒரு வருஷம்கூட."

"அப்ப அது எப்படிப்பா இறுகுச்சு?"

"அதான் எனக்கும் தெரியல."

பிறகு ஒரு மைதானத்தைப் பற்றிச் சொன்னாய். ராணுவத்துக்கு ஆள் எடுக்க வந்திருந்தார்கள். அண்ணன் தம்பி இருவரும் ஓடித் தேறிவிட்டீர்கள். மருத்துவச் சோதனையில் உன் பாதத்தை மடக்கிப் பார்த்தார்கள்.

"வலிக்குதான்னு கேட்டாங்க. வலிக்கல. வலிக்குதுன்னு சொல்லிட்டேன். அண்ணன் பக்கத்துலதான் நின்னான். என் மூஞ்சியப் பாத்தான். ஒண்ணும் சொல்லல. அவன் மட்டும் போனான்."

செவிலியர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். என் தம்பிக்கு அப்போதே ராணுவ ஓட்டத் தேர்வு முடிந்து, முடிவு வரவேண்டியிருந்தது.

"அவன் போறதத் தடுக்காத. தடுத்தா நிக்கமாட்டான். அந்த நட்சத்திரத்த மட்டும் அவன் கையில குடுக்காத. அது போவும். திரும்பியும் வரும். தனியா வராது."

சரி என்றேன். மறுநாள் மதியம் நீ இல்லை.

*

தம்பிக்கு ராணுவத்தில் வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை கிளம்ப வேண்டும். மிதிப்பு வெள்ளியன்று தொடங்கியது.

வரப்பில் நீ நிற்கும் இடத்தில் யாரும் நிற்கவில்லை. எல்லோரும் பாத்தியில் இறங்கிவிட்டோம். மேஸ்திரி என்னைப் பார்த்தார்.

"பாப்பா, எத்தன இடம் விடணும்? மூணா, நாலா?"

அம்மா முந்திக்கொண்டாள். "நாலு எதுக்கு? அவரு எந்தச் சண்டைக்குப் போனாரு? எங்கூடப் போட்ட சண்டைதான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தபோது கன்னத்தில் சேறு ஒட்டியது.

"நாலே விடுங்க," என்றான் தம்பி. "எனக்கு ஒண்ணு இப்பவே ரிசர்வ் பண்ணிட்டா வேல மிச்சம்."

சிரிப்பு அப்படியே நின்றது.

"டேய், வாயக் கழுவுடா!" அம்மா ஒரு கை சேற்றை அள்ளி வீசினாள். அவன் குனிந்துகொண்டான். அது மேஸ்திரி சட்டையில் போய் அப்பியது.

"ஏம்மா, நான் என்ன பண்ணேன்?" என்றார் அவர்.

யாரும் குரல் கொடுக்கவில்லை. நான் கொடுத்தேன். "இடம் விடு." என் குரல் தண்ணீருக்குமேல் மெலிதாகப் போனது. வரிசை மூன்று இடத்தில் பிரிந்தது.

எனக்கு மூன்றாவது இடைவெளியின் பக்கம் நிற்க நேர்ந்தது. பெரியப்பா இடம். வலது கை அந்தரத்தில். முதலில் கூச்சமாக இருந்தது. மிதிக்க மிதிக்க மறந்துபோனேன். கரை சேர்ந்து கையை இறக்கியபோதுதான் உறைத்தது. அவ்வளவு நேரம் தாங்கலில்லாமல் நின்ற கை வலித்திருக்கவேண்டும். வலிக்கவில்லை. எங்கோ சாய்த்து வைத்திருந்ததுபோல இருந்தது.

அன்று மாலை அம்மா பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். நட்சத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்தாள். செம்பு பளபளத்தது.

"திங்கக்கெழம இத அவன் பையில வெச்சு அனுப்பணும். வெறும் கையோட அனுப்பக்கூடாது. உங்க தாத்தா எடுத்துட்டுப் போனாரு, பெரியப்பா எடுத்துட்டுப் போனாரு."

"போனாங்கம்மா. வந்தாங்களா?"

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "அது அவங்க நேரம். இது பெரியவங்க ஆசீர்வாதம்."

"அக்கா," என்றான் தம்பி, "யூனிவர்சிட்டில இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா? பயந்து சாவறதுக்கு?"

"அப்பா குடுக்க வேணாம்னு சொன்னாருடா."

"அப்பா எல்லாத்துக்கும்தான் பயப்படுவாரு. லீவுல வந்தா என்னக் கால்வாய்லகூட எறங்க விடமாட்டாரு."

நீ மைதானத்தில் சொன்ன பொய்யை அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது எனக்கு மட்டும் கொடுத்தது.

*

சனிக்கிழமை உச்சி வேளை. எல்லோரும் கொட்டகையில். நட்சத்திரம் என் இடுப்பில். டப்பாவிலிருந்து எடுத்திருந்தேன்.

என் திட்டம் எளிமையானது. மிதிக்காத வரியில் சேறு தளர்ந்திருக்கும். அதில் வைத்துக் குதிகாலால் அழுத்தினால் கீழே போய்விடும். மேலே உப்பு விளையும். இரண்டு வருடத்தில் உப்பு அதைத் தின்றுவிடும். கொடுக்க ஒன்றும் இருக்காது.

முதல் வரியில் கால் வைத்தேன். கணுக்கால்வரை இறங்கியது. இரண்டாவதிலும் இறங்கியது. சரிதான். மிதிக்க நீ இல்லை.

மூன்றாவதில் கால் வைத்தேன். இறங்கவில்லை.

சிமெண்டுத் தரை போல இருந்தது. குனிந்து தடவினேன். மற்ற வரிகளில் நேற்று மிதித்த குதிகால் தடங்கள் குழிகுழியாக இருந்தன. இதில் ஒரு தடம் இல்லை. கையால் வழித்துவிட்டதுபோல ஒரே மழமழப்பு.

காரணங்கள் எனக்குத் தெரியும். அடியில் சுண்ணாம்புப் படிவம் இருக்கலாம். தரை அங்கே ஓரிரு விரல் மேடாக இருந்து முன்பே காய்ந்திருக்கலாம். எல்லாவற்றையும் நினைத்தபடியேதான் நட்சத்திரத்தை அங்கே வைத்து மிதித்தேன். ஒருமுறை, இரண்டுமுறை, முழு எடையும் போட்டு. போகவில்லை. மூன்றாம் முறை அது புரண்டது. முனை குதிகாலில் ஏறியது.

வெள்ளைத் தரையில் என் ரத்தம் இரண்டு சொட்டு. அது பரவவில்லை. உள்ளே போய்விட்டது.

எனக்கு அப்போது பயம் இல்லை, அப்பா. அதைத்தான் உன்னிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். ஒரு கண்டிப்பு தெரிந்தது. இங்கே வைக்காதே என்று யாரோ திருப்பிக் கொடுத்ததுபோல. அவ்வளவுதான்.

நட்சத்திரத்தை எடுத்து இடுப்பில் முடிந்துகொண்டு முதல் வரியில் இறங்கினேன். மிதித்தேன். பிறகு இரண்டாவது. நீ செய்ததைப் போலவே. கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தூக்கினேன்.

கொட்டகைக்குப் போனபோது சாப்பாடு முடிந்திருந்தது.

"முதல் பாத்தியில யாராவது எறங்குனீங்களா?"

"இந்த வெயில்லயா?" என்றார் மேஸ்திரி. "கால் வெந்துரும்."

தம்பி அப்போதுதான் பைக்கில் வந்து இறங்கினான். கையில் பொட்டலம். "என்னப் பாக்காத. நான் ஈ.சி.ஆர்.ல பிரியாணிக்கு கியூல நின்னேன். லெக் பீஸ் உனக்குத்தான். சாப்புடறியா, பேய் ஓட்டறியா?"

சாப்பிட்டேன்.

*

திங்கள் காலை டப்பாவில் இரண்டுதான் இருந்தன. அம்மா வீட்டைத் தலைகீழாக்கினாள். நேரமாகிவிட்டது. அழுதுகொண்டே அவன் நெற்றியில் திருநீறு பூசினாள். வாசலைத் தாண்டி வரமாட்டேன் என்றாள். இதற்குமுன் மூன்று பேரை வழியனுப்பிய வீடு.

பஸ் ஸ்டாண்டுக்கு நான் போனேன். பையை இருவரும் ஆளுக்கொரு காதாகப் பிடித்துக்கொண்டு நடந்தோம். சென்னை பஸ் வரக் கொஞ்ச நேரம் இருந்தது.

"நீதான எடுத்த?"

"ஆமா."

"எங்க?"

"பாத்தியில போட்டு மிதிச்சிட்டேன்."

அவன் பையைக் கீழே வைத்தான். "அது என்ன, உன் சொத்தா? நாலு தலமுறையா இருக்குது. நீ யாரு மிதிக்கறதுக்கு?" பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நட்சத்திரம் என் கைப்பையில், டிபன் பாக்ஸுக்கும் சாவிக்கும் நடுவில் இருந்தது. ஜிப்பைத் திறந்தால் போதும். முடித்துவிடலாம்.

திறக்கவில்லை.

பஸ் வந்தது. பையைத் தூக்கிப் போட்டான். படியில் ஒரு கால் வைத்து நின்றான். கோபம் அதற்குள் இறங்கிவிட்டது. அவனுக்கு எப்போதும் அப்படித்தான். நம் வீட்டில் அவன் ஒருவனுக்குத்தான்.

"எந்த எடத்துல மிதிச்ச?"

"முதல் பாத்தி. பெரியப்பா வரியில."

"லீவுல வந்து நானே தோண்டி எடுத்துக்கறேன். யாரையும் அதுல எறங்க விடாத." கண்டக்டர் விசிலடித்தார். "அந்த எடத்த எனக்கு விட்டு வை, என்ன?"

பஸ் போய்விட்டது. அவன் சொன்னது என்ன என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது.

வரப்போகிறவருக்கு இடம் விட்டுவைத்த வீடு நம்முடையது. மூன்று முறை வைத்தோம். இந்த முறை நான் வைத்திருப்பது வேறு. அவன் வருவான். மண்வெட்டியோடு இறங்குவான். அந்தத் தரையை உடைக்கப் பாடுபடுவான். உள்ளே ஒன்றும் இருக்காது. நிமிர்ந்து பார்ப்பான். "பொய் சொன்னியாக்கா?" என்பான். வாயில் வந்ததையெல்லாம் திட்டுவான். அந்தத் திட்டை அவன் நேரில் நின்றுதான் திட்டவேண்டும். போனில் கேட்டால் சொல்லமாட்டேன். அம்மா கேட்டாலும் சொல்லமாட்டேன்.

நீ சொன்ன பொய்யால் ஒருவர் தனியாகப் போனார். நான் சொன்ன பொய்யால் ஒருவன் வரவேண்டும்.

அதுவரை அதை நான் வைத்திருக்கிறேன், அப்பா.